தவிட்டின் விலை

தமிழ் நாட்டில் 'தவிட்டுப் பிள்ளை' என்று ஒரு வழக்கம் இருந்தது. பிறந்த குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்துபோன வீட்டில், அடுத்துப் பிறக்கும் குழந்தையை அயல் வீட்டாரிடம் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தவிட்டை விலையாகக் கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். 'இது அருமைப் பிள்ளையல்ல, தவிட்டுக்கு வாங்கின பிள்ளைதான்' என்று யமன் நினைத்துக்கொண்டு அலட்சியமாகப் போய்விடட்டும் என்பது அந்தத் தாயின் தந்திரம். யமனையே ஏமாற்றக்கூடிய அளவுக்கு மலிவான சரக்கு வேறொன்றும் நம் மூதாட்டிகளுக்குத் தோன்றவில்லை. தவிடென்றால் அவ்வளவு இளக்காரம்!

அந்தத் தவிடு இன்று நம்மைப் பழிவாங்கிக்கொண்டிருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. மதுரை மாநகரின் மருந்துக் கடைகளில் அஜீரணத்துக்கும் மலச்சிக்கலுக்கும் நெஞ்செரிச்சலுக்கும் விற்பனையாகும் பொடிகளையும் மாத்திரைகளையும் பாருங்கள். அவற்றில் ஒன்று, ஒருவகை விதையின் மேல்தோலைப் பொடித்து டப்பாவில் அடைத்தது. அதில் இருப்பது நார்ச்சத்து. ஆலையில் அரிசியின் தவிட்டைப் பிரித்து மாட்டுத் தீவனத்துக்கும் எண்ணெய்க்கும் அனுப்பிவிட்டு, வேறொரு வித்தின் உமியைக் காசு கொடுத்து வாங்கி, இரவில் வெந்நீரில் கலந்து குடிக்கிறோம். இந்த வியாபாரத்தில் லாபம் யாருக்கு என்பதை நேயர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

வயிற்றுக்கு இதமான பழைய ஆகாரங்களைப் பற்றி இப்போது எங்கும் பேச்சு அடிபடுகிறது. மிளகு ரசம், சீரகக் கஞ்சி, அங்காயப் பொடி என்று பட்டியல் வளர்கிறது. இவையெல்லாம் நல்லவைதான். ஆனால் அந்த ஆகாரங்களின் குணம் சம்பாரத்தில் மட்டும் இருந்ததாக நினைப்பது பிசகு. எந்தத் தானியம், அதை எவ்வளவு தீட்டினார்கள், எத்தனை நாழிகை ஊற வைத்தார்கள் என்ற மூன்றில்தான் விஷயம் பெரும்பாலும் அடங்கியிருந்தது. நாம் சம்பாரத்தை வைத்துக்கொண்டு மூன்றையும் விட்டுவிட்டோம். அப்படி விட்ட கதை மதுரைச் சீமையின் கதையும் ஆகும்.

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளி ஆதியில் முழுவதும் நெல் விளைந்த பூமி அல்ல. வைகைப் பாசனமும் கண்மாய்ப் பாசனமும் எட்டிய இடத்தில் நெல் விளைந்தது. உசிலம்பட்டி, திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்து வானம் பார்த்த நிலங்களில் கம்பும் சோளமும் கேப்பையும் சாமையும் குதிரைவாலியுமே விளைந்தன. அந்த வீடுகளில் நெல்லுச்சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விருந்தாளி வந்த நாளுக்கும் உரியது. மற்ற நாட்களில் கம்மங்கூழ், கேப்பைக் களி, சோளச்சோறு. தொட்டுக்கொள்ளும் வெஞ்சனம் ஒரு வெங்காயமோ, ஒரு மோர் மிளகாயோ, ஒரு கை கீரையோதான்.

1876-ம் வருஷம் தொடங்கி 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் இந்தச் சீமை பட்ட பாடு சொல்லி முடியாது. அதன் பிறகு, மேற்கே கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்று நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பும் பழைய யோசனை மறுபடியும் உயிர் பெற்றது. பென்னிகுயிக் துரையின் மேற்பார்வையில் கட்டிய அணை 1895-ம் வருஷம் அக்டோபர் மாதம் திறக்கப்பட்டது. பெரியாற்றுத் தண்ணீர் வைகையில் இறங்கி, பேரணையிலிருந்து கால்வாய் வழியாக வாடிப்பட்டி, மேலூர் வரையில் பாய்ந்தது. கம்பு விதைத்த மண்ணில் நெல் நாற்று நட்டார்கள். பஞ்சம் கண்ட ஜனங்களுக்கு அது பெரிய பாக்கியம். பின்னாளில் பங்கீட்டுக் கடைகள் வழியாக மலிவு விலையிலும், 2011-ம் வருஷத்திலிருந்து இலவசமாகவும் அரிசி கிடைக்கத் தொடங்கியபோது, கூழைக் குடித்து வளர்ந்தவர்கள் தினந்தோறும் நெல்லுச்சோறு உண்டார்கள். ஏழையின் வீட்டில் பண்டிகை தினந்தோறும் வந்துவிட்டது என்றே சொல்லலாம். இதைக் குறை கூறுவதற்கு வயிறு நிறைந்த யாருக்கும் உரிமை கிடையாது.

குறை அரிசியில் இல்லை. அரிசிக்கு ஆலையில் நடக்கும் உபசாரத்தில் இருக்கிறது. நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. அதை மனிதன் தின்ன முடியாது, நீக்கத்தான் வேண்டும். உமிக்கு உள்ளே செந்நிறமாகவோ பழுப்பாகவோ இருக்கும் மெல்லிய போர்வைதான் தவிடு. நாரும், பி வகை உயிர்ச்சத்துக்களும், எண்ணெயும், தாதுப் பொருள்களும் பெரும்பாலும் அந்தப் போர்வையிலும் அரிசியின் முளையிலுமே இருக்கின்றன. உரலில் குத்தியபோது உமி போகும். தவிடு கொஞ்சம் போகும், கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். இயந்திரத்துக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. கண்ணாடிபோல் பளபளக்கும் வரையில் தீட்டித் தள்ளுகிறது.

இயந்திரத்தையும் முழுவதும் குற்றம் சொல்வதற்கில்லை. கடையில் நடக்கும் சம்பாஷணையைக் கேட்டுப் பாருங்கள்.

"அண்ணாச்சி, போன தடவை கொடுத்த அரிசி கொஞ்சம் மங்கலா இருந்துச்சு."

"இந்தச் சிப்பத்தைப் பாருங்கம்மா, மல்லிகைப் பூ மாதிரி இருக்கும்!"

மல்லிகைக்குப் பேர்போன ஊர் மதுரை. பூவுக்கு வைத்த அளவுகோலையே சோற்றுக்கும் வைத்துவிட்டோம். வாங்குகிறவர் வெண்மையைக் கேட்கிறார், விற்கிறவர் வெண்மையைக் கொடுக்கிறார், ஆலைக்காரர் வெண்மையைத் தயாரிக்கிறார். வயிற்றை மட்டும் யாரும் கேட்கவில்லை.

வயிற்றைக் கேட்டவர் ஒருவர் நீலகிரியில் இருந்தார். ராபர்ட் மக்காரிஸன் என்ற ராணுவ வைத்தியர், முதல் உலக யுத்தம் முடிந்த சமயத்தில், குன்னூரில் தம்முடைய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதற்கு முன்பே, 1890-களில், ஜாவாத் தீவில் எய்க்மான் என்ற டச்சு வைத்தியர் தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகளுக்குக் கால் விளங்காமல் போவதையும், தவிட்டைக் கொடுத்ததும் அவை எழுந்து நடப்பதையும் கண்டிருந்தார். அந்த வேலைக்காக அவருக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது. மக்காரிஸன் அதே விஷயத்தில் வேறொரு கேள்வி கேட்டார். நரம்புக்கு வரும் கேடு தெரிகிறது. குடலுக்கு என்ன நேர்கிறது என்பது அவர் கேள்வி. தீட்டிய அரிசியை நீராவியின் அழுத்தத்தில் வைத்து, மிஞ்சிய உயிர்ச்சத்தையும் அழித்துக் குரங்குகளுக்குக் கொடுத்தார். அவற்றுக்கு முதலில் பசி போயிற்று. பிறகு வயிற்றுப்போக்கு கண்டது. இறந்த பிறகு அறுத்துப் பார்த்தபோது இரைப்பையும் குடலும் நலிந்து மெலிந்திருந்தன. 1921-ல் வெளிவந்த அவருடைய நூலில் இவை விவரமாக இருக்கின்றன.

அந்தச் சோதனை மிகக் கடுமையானது; நம் வீட்டுச் சோறு அவ்வளவு சத்தற்றதல்ல. அன்றியும், மனிதருக்கு வரும் இரைப்பைப் புண்ணில் பெரும் பங்குக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் என்ற கிருமி என்பது 1980-களில் வெளியாயிற்று. ஆகையால் எல்லா வயிற்று நோயையும் ஆலை அரிசியின் தலையில் கட்டுவது நியாயமாகாது. ஆயினும் மக்காரிஸன் காட்டிய அடிப்படை இன்றும் நிற்கிறது. குடல் வெறும் குழாய் அல்ல. அதற்கும் போஷாக்கு வேண்டும். உணவில் நாரும் உயிர்ச்சத்தும் குறைந்தால் முதலில் முனகுவது அதுவே.

குன்னூர் ஆராய்ச்சிசாலை 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. அந்த நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணையைப் பார்த்தால் கணக்குத் தெளிவாகும். 100 கிராம் கம்பிலும் கேழ்வரகிலும் ஏறக்குறைய 11 கிராம் நார் இருக்கிறது. தவிடு நீக்காத அரிசியில் 4 கிராமுக்குச் சற்று அதிகம். தீட்டிய பச்சரிசியிலோ 3 கிராமுக்கும் குறைவு. கூழிலிருந்து வெள்ளைச் சோற்றுக்கு வந்த குடும்பம், வெஞ்சனத்தை அதிகப்படுத்தாமல் வந்திருந்தால், வயிற்றுக்குக் கிடைத்த நாரில் எவ்வளவு இழந்திருக்கும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

இந்த விஷயத்தைத் தேசத்தின் விஷயமாக எடுத்துக்கொண்டவர் மகாத்மா காந்தி. 1921-ம் வருஷம் செப்டம்பர் மாதம் மதுரை மேலமாசி வீதியில், இந்த நாட்டு ஏழையின் உடையையே தாமும் தரித்துக்கொண்டார். 1934-ம் வருஷக் கடைசியில் வார்தாவில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தைத் தொடங்கியபோது, ஏழையின் உணவையும் எடுத்துக்கொண்டார். சங்கத்தின் முதல் வேலைகளில் ஒன்று கைக்குத்தல் அரிசியைப் பரப்புவது. அதன் காரியதரிசி தஞ்சாவூரில் பிறந்த ஜே. ஸி. குமரப்பா. அவர் தம் கடைசிக் காலத்தைக் கழித்த இடம் நம் மதுரை ஜில்லாவில், தே. கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமம். ஆலையில் அரிசியைத் தீட்டுவதால் கிராமம் இருமுறை ஏழையாகிறது என்பது அவர்களுடைய வாதத்தின் சாரம். குத்துக் கூலி ஊரைவிட்டுப் போகிறது. அரிசியின் சத்தும் கூடவே போகிறது.

வாதம் அழகானது. ஆனால் ஒரு கேள்வி உண்டு. அந்த அரிசியைக் குத்தியது யார்? மேடையில் கைக்குத்தல் அரிசியின் மகிமையைப் பேசிய ஆண்களில் உலக்கை பிடித்தவர்கள் வெகு சொற்பம். விடியற்காலையில் எழுந்து, கம்பை நனைத்துக் குத்தி, சுளகில் புடைத்து, திருகையில் அரைத்து, அதன் பிறகு வயல் வேலைக்குப் போன பெண்களின் தோளும் இடுப்புமே அந்த மகிமைக்கு விலை கொடுத்தன. ஊரில் அரிசி ஆலை வந்தபோது அவர்கள் விட்ட பெருமூச்சில் நியாயம் இருந்தது. பழைய உணவு வேண்டும் என்று கேட்கிறவர்கள் பழைய உலக்கையையும் மருமகள் கையில் கொடுக்கக் கூடாது. அதற்கு அவசியமும் இல்லை. ரப்பர் உருளை பூட்டிய இயந்திரம் உமியை மட்டும் நீக்கித் தவிட்டை விட்டுவைக்கும். தீட்டுவது அதற்குப் பிறகு வேறொரு இயந்திரம் செய்யும் வேலை. அந்த இரண்டாவது வேலையைக் குறைத்துக்கொள் என்று சொன்னால் போதும். ஒருவருடைய இடுப்பும் ஒடியாது.

தானியத்துக்கு அடுத்தபடி, பொழுதைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய சமையலில் அடுப்பு செய்த வேலையைக் காட்டிலும் இரவு செய்த வேலை அதிகம். மூன்று ஆகாரங்களை மட்டும் இங்கே சொல்கிறேன். மூன்றும் செலவில்லாதவை.

முதலாவது பழைய சோறு. புழுங்கலரிசியே இதற்கு உத்தமம். நெல்லை வேகவைத்துக் காயவைக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. இராத்திரி மிஞ்சிய சோற்றை ஆறியவுடன் மண்சட்டியில் போட்டு, நல்ல தண்ணீரை இரண்டு விரற்கடை மேலே நிற்கும்படி ஊற்றி மூடி வையுங்கள். சித்திரை வெயிலில் எட்டு மணி நேரம், மார்கழியில் பன்னிரண்டு மணி நேரம். விடிந்ததும் நீர் இலேசாகப் புளித்திருக்கும். உப்பும் மோரும் சேர்த்துப் பிசைந்து, சின்ன வெங்காயத்தோடு உண்ணலாம். நீச்சுத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். ஆறிய சோற்றில் மாவுப்பொருளின் ஒரு பகுதி எளிதில் ஜீரணமாகாத வடிவத்துக்கு மாறிப் பெருங்குடல் வரையில் போகிறது. அங்கே குடியிருக்கும் நல்ல நுண்ணுயிர்களுக்கு அதுவே தீனி. இரவு முழுவதும் பெருகிய புளிப்பு நுண்ணுயிர்களும் நீரோடு சேர்ந்து உள்ளே போகின்றன.

இதில் ஒரு ஜாக்கிரதை உண்டு. சமைத்த சோற்றைத் தண்ணீர் ஊற்றாமல் வெதுவெதுப்பாகவே பல மணி நேரம் விட்டுவைத்தால், வாந்தியும் பேதியும் உண்டாக்கும் ஒருவகைக் கிருமி அதில் பெருகும். அது உண்டாக்கும் விஷம் மறுபடி சுட வைத்தாலும் போகாது. ஆகையால் ஆறிய உடனே நீர் ஊற்றவேண்டும். கொழகொழப்போ துர்வாசனையோ தெரிந்தால் தயங்காமல் கொட்டிவிடவேண்டும். கைக்குழந்தைகளுக்கும் கடும் நோயால் இளைத்தவர்களுக்கும் இது வேண்டாம்.

இரண்டாவது கம்மங்கூழ். கம்பைக் கழுவி ஈரம் போக உலர்த்தி, குருணையும் மாவுமாக உடைத்துக்கொள்ளவேண்டும். மின்சார அரைவை இயந்திரமே போதும். சலித்தெடுத்த மாவை இரவில் நீச்சுத் தண்ணீரிலோ மோரிலோ கரைத்துப் புளிக்க விடுங்கள். காலையில் குருணை ஒரு பங்குக்குத் தண்ணீர் ஐந்து பங்கு வைத்து வேகவிட்டு, குழைந்ததும் புளித்த மாவை ஊற்றி, கட்டி விழாமல் கிண்டி, பச்சை வாசனை போனதும் இறக்கி ஆறவிடவேண்டும். குடிக்கும்போது மோர் விட்டுக் கரைத்து உப்பிட்டுக்கொள்ளலாம். இந்தப் புளிக்க வைக்கும் வேலையைச் சோம்பலினால் விட்டுவிடக் கூடாது. கம்பில் இரும்பும் துத்தநாகமும் உண்டு. அவற்றை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் பிடித்துக்கொள்ளும் பைடேட் என்ற பொருளும் உண்டு. ஊறலும் புளிப்பும் அந்தப் பிடியைத் தளர்த்துகின்றன. 'அவசரக் கம்பு' என்று பொட்டலத்தில் வருவதை வெந்நீரில் கலக்கிக் குடிப்பவர்கள் தானியத்தை வாங்குகிறார்கள்; பொழுதை வாங்கவில்லை.

மூன்றாவது நொய்க் கஞ்சி. அரிசி நொய்யை இலேசாக வறுத்து, பத்துப் பங்கு தண்ணீரில் ஒரு சிட்டிகை சீரகமும் ஒரு துண்டு சுக்கும் போட்டுக் குழைய வேகவைத்து உப்பிடுவது. காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் நம் பாட்டிமார் கொடுத்தது. இது வெறும் நம்பிக்கையன்று. உப்பும் சர்க்கரையும் அளவோடு கலந்த நீர், வாந்திபேதியில் உயிர் காப்பதை 1960-களில் கல்கத்தாவிலும் டாக்காவிலும் கண்டறிந்தார்கள். பின்னர், சர்க்கரைக்குப் பதிலாக அரிசி மாவைச் சேர்த்தால் காலராவில் பேதியின் அளவு இன்னும் குறைவதையும் டாக்கா ஆராய்ச்சியாளர் காட்டினார்கள். ஆனால் கண் குழிந்து, வாய் உலர்ந்து, சிறுநீர் குறைந்த குழந்தைக்குக் கஞ்சியை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. சுகாதார நிலையத்தில் கொடுக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைக் கரைத்துக் கொடுத்துக்கொண்டே வைத்தியரிடம் ஓடவேண்டும்.

நம் பழைமையைப் புகழ்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சோற்றை ஒரு இரவு ஊற வைத்தால் இரும்புச் சத்து இருபது மடங்கு பெருகிவிடுகிறது என்று ஒரு பேச்சு ஊரெங்கும் உலாவுகிறது. இரும்பு ஒரு மூலப்பொருள். பானைக்குள் அது குட்டி போடாது. உள்ள இரும்பை உடம்பு எளிதாக எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவே. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில், தமிழ்நாடு சர்க்காரின் உதவியோடு, பழைய சோறு குடல் நோயாளிகளுக்கு எவ்வளவு தூரம் பயன்படும் என்று ஆராயத் தொடங்கினார்கள். நல்ல காரியம் செய்யும் முறை அதுதான். பொய்யான புகழ் நம் பானைக்கு அவசியமில்லை. நாளாவட்டத்தில் பொய் வெளியாகும்போது, மெய்யாக இருக்கும் குணத்தையும் ஜனங்கள் நம்பமாட்டார்கள். அவ்வாறே, மலத்தில் ரத்தம், காரணமின்றி உடல் இளைத்தல், வாரக்கணக்கில் நீடிக்கும் வயிற்றுவலி ஆகியவற்றுக்குக் கூழும் ரசமும் மருந்தாகா. அவற்றுக்கு வைத்தியர் இருக்கிறார்.

இவ்வளவும் கேட்ட பிறகு, 'நாங்கள் செய்யக்கூடியது என்ன?' என்று வீட்டுத் தலைவிகள் கேட்கலாம். வீட்டுத் தலைவர்களும் கேட்டால் சந்தோஷம். வாரத்தில் இரண்டு நாள் காலை ஆகாரம் கூழாகவோ களியாகவோ இருக்கட்டும். பழக்கமில்லாத வயிற்றுக்கு நாரை ஒரேயடியாகக் கூட்டினால் வாயு கட்டும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, தண்ணீரும் கூடவே அதிகம் குடிக்கவேண்டும். அரிசி வாங்கும்போது பாதி தீட்டிய புழுங்கலரிசி கேளுங்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் அந்த அரிசி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், வண்டும் பிடிக்கும். மூட்டையாக வாங்காமல், ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். முதல் தடவை கடைக்காரர், "அதெல்லாம் யாரும் கேக்குறதில்லைம்மா" என்பார். இரண்டாவது தடவையும் அப்படியே சொல்லக்கூடும். ஒரு தெருவில் பத்து வீட்டார் கேட்டுவிட்டால் மூன்றாவது மாதம் கடையில் ஒரு சாக்கு வந்து நிற்கும். அந்தச் சாக்கு ஆலை வரையில் சேதி சொல்லும்.

கம்பு விளைந்த ஊர்களில் அதை ஏழையின் தானியம் என்று இழிவு செய்து ஒதுக்கினோம். இப்போது அதே கம்பு நகரத்து அலங்காரக் கடைகளில் வர்ணப் பொட்டலத்துக்குள், அரிசியைக் காட்டிலும் உயர்ந்த விலையில் வீற்றிருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபை 2023-ம் வருஷத்தைச் சிறுதானிய வருஷம் என்று கொண்டாடியது. பெருமைதான். ஆனால் அந்தப் பெருமை, உசிலம்பட்டிக் கரட்டு நிலத்தில் மழையை எதிர்பார்த்து விதைக்கும் குடியானவனுக்கு நியாயமான விலையாகவும், பங்கீட்டுக் கடை வரிசையில் நிற்கும் தாயின் பைக்குள் ஒரு படித் தானியமாகவும் போய்ச் சேராவிட்டால், பணக்காரர் வயிற்றுக்கு மட்டும் சுயராஜ்யம் வந்ததாகத்தான் அர்த்தம்.